மாப்பிள்ளை அண்டா

குத்தாலம் கடைத்தெருவில் என் பெயரைச் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது. "அண்டா உருட்டின மாப்பிள்ளை" என்று கேட்டுப் பாருங்கள். பஸ் கண்டக்டர்கூட எங்கே இறங்க வேண்டும் என்று சொல்லிவிடுவார். இந்தப் புகழில் பாதி என் மாமனார் தேடித் தந்தது. மீதிப் பாதி நானே உழைத்துச் சம்பாதித்தது.

மாமா அங்கே வீட்டை ஒட்டியே பாத்திர வாடகைக் கடை வைத்திருந்தார். கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு, கருமாதி எதுவானாலும் சமைக்கிற அண்டாவிலிருந்து பரிமாறுகிற கரண்டி வரை அவரிடமிருந்துதான் போகும். நான் தஞ்சாவூரில் ஒரு கல்லூரியில் நூலகர். புத்தகத்தை அதனதன் தட்டில் வைப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவன். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பின்னால் நான் செய்த காரியத்தைப் படிக்கும்போது கல்லூரியின் மேல் உங்களுக்கு இரக்கம் வரும்.

அண்டா உருண்டது என் தலை தீபாவளிக்கு. புது மாப்பிள்ளை சும்மா உட்கார்ந்து முறுக்கு கடித்துக்கொண்டிருந்தால் மரியாதையாக இருக்காது என்று கடைக்குப் போனேன். மாமா வேண்டாம் வேண்டாம் என்றார். நான் கேட்கவில்லை. இருந்ததிலேயே பெரிய பித்தளை அண்டாவை ஒற்றை ஆளாக வளையத்தைப் பிடித்து வெளியே இழுத்தேன். கடை வாசல் ரோட்டைப் பார்த்துச் சரிவு. அண்டா அதைத் தெரிந்துவைத்திருந்தது, நான்தான் தெரிந்துவைத்திருக்கவில்லை. பூக்கடை, டீக்கடை, பட்டாசு வாங்க நின்ற கூட்டம் எல்லாவற்றையும் தாண்டி டங்கு டங்கென்று ஊரைக் கூட்டிக்கொண்டு போய் மின்கம்பத்தில் முட்டி நின்றது. பின்னாலேயே வேட்டி அவிழ நான்.

மாமா ஓடவில்லை. நிதானமாக நடந்து வந்தார்.

"மாப்ள, அது தானா நின்னுடும். நீங்க விழுந்துடாதீங்க."

அண்டாவின் வயிற்றில் ஒரு பூனை சுருண்டு படுக்கிற அளவுக்குப் பள்ளம். தட்டி எடுக்க ஆள் கிடைக்கும், மாமா எடுக்கவே இல்லை. அன்றிலிருந்து அதற்கு 'மாப்பிள்ளை அண்டா' என்று பெயர். பதினெட்டு வருடமாக ஒரு மூட்டை அரிசிச் சோற்றுக்கு எது சரியான அளவு என்று யார் கேட்டாலும், "நம்ம மாப்ள அண்டா எடுத்துக்குங்க, தாராளமா போதும்" என்பார். அவர் என்னைப் பாராட்டுகிறாரா, அண்டாவைப் பாராட்டுகிறாரா என்று கேட்டுத் தெளிந்துகொள்ளும் தைரியம் எனக்குக் கடைசிவரை வரவில்லை.

ஊரெல்லாம் விருந்து சமைக்கப் பாத்திரம் கொடுத்த மனிதர் எந்த விருந்திலும் சாப்பிட்டதில்லை. முகூர்த்தத்தன்று போய், எல்லாம் சரியாக இருக்கிறதா, வாளி போதுமா, கரண்டி போதுமா என்று ஒரு சுற்று பார்ப்பார். "சாப்டுட்டுப் போங்க" என்று கையைப் பிடித்து இழுப்பார்கள். "வீட்ல அவ இலையப் போட்டுக்கிட்டு உக்காந்திருப்பா" என்று கையை விடுவித்துக்கொண்டு சைக்கிளில் வந்துவிடுவார். உண்மையிலேயே அத்தை சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பார்கள். அங்கே பதினாறு வகை, இங்கே ரசம், ஒரு பொரியல். ஒருநாளும் அவருக்கு அந்த விருந்தின் மேல் ஏக்கம் இருந்து நான் பார்த்ததில்லை. எனக்கு இருந்தது. நான் இருந்து சாப்பிட்டுவிட்டுத்தான் வருவேன்.

என் மனைவிக்குத் தினமும் சாயந்திரம் நாலு மணிக்குப் போன் வரும். "சாப்டியாம்மா? மாப்ள சாப்டாரா?" அவ்வளவுதான் பேச்சு. நாங்கள் எந்த ஊரில், எந்த வேலையில் இருந்தாலும் அந்தப் போன் வந்துவிடும். ஒருமுறை படம் பார்த்துக்கொண்டிருந்தபோது தியேட்டரில் எடுத்துப் பதில் சொன்னாள். முன் வரிசையில் இருந்தவர் திரும்பி, "சாப்டாருன்னு சொல்லும்மா, படம் பாக்கணும்" என்றார்.

கடையில் இரண்டு வரிசைப் பாத்திரம் உண்டு. கைப்பிடியில் சிவப்புப் பெயிண்டால் புள்ளி வைத்தது நல்ல காரியத்துக்கு. புள்ளி இல்லாதது கருமாதிக்கு. ஒன்று மற்றதோடு கலக்காது. கல்யாணப் பாத்திரம் நசுங்கினாலோ ஓய்ந்தாலோ புள்ளியைச் சுரண்டிவிட்டு அந்தப் பக்கம் மாற்றுவார். அந்தப் பக்கம் போனது திரும்ப இந்தப் பக்கம் வராது. எழுதிக் கொடுக்காத இந்த உத்தரவாதத்தை நம்பித்தான் சுற்றுவட்டாரத்தில் அத்தனை பேரும் அவரிடம் வந்தார்கள். இதெல்லாம் எனக்கு இப்போது தெரியும். பதினெட்டு வருடமாக நான் நினைத்திருந்தது, சிவப்புப் புள்ளி என்றால் புதுச் சரக்கு என்று.

மாமா இந்தத் தை மாதம் போய்விட்டார். காலைக் காபியைக் குடித்து முடித்து, "இன்னைக்குக் காபி நல்லாருக்கு" என்று அத்தையிடம் சொல்லிவிட்டுச் சற்றுப் படுத்தார். அவ்வளவுதான். அறுவடை நேரம். வீட்டுக்கு வந்தவர்கள் எல்லார் தலையிலும் தோளிலும் வைக்கோல் துணுக்கு ஒட்டியிருந்தது. நான் அவர் காலடியில் உட்கார்ந்து, நாலு மணி ஆனதும் என் மனைவியின் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவளும் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஜோக் அடிக்காத ஒரே நாள் அது.

பதினாறாம் நாள் கருமாதி. சிங்கப்பூரிலிருந்து வந்திருந்த மச்சான் காரியத்தில் உட்கார வேண்டியவர். கடையில் மாமாவிடம் வேலை பார்த்த அண்ணன் காவிரிக் கரையில் பந்தல் வேலையாகப் போய்விட்டார். சமையல்காரர் வெளியூர். அதனால் முதல் நாள் சாயந்திரம் கடைச் சாவி என் கைக்கு வந்தது.

"பாத்திரம் எடுத்துக் குடுத்துடுவீங்களா?" என்றாள் மனைவி.

"என்ன கேள்வி இது? எத்தனை வருஷமா பாக்கறேன்."

கதவைத் திறந்தேன். ஒரு பக்கம் பழசும் நசுங்கலுமாக ஒரு வரிசை. இன்னொரு பக்கம் பளபளவென்று ஒரு வரிசை. ஊருக்கெல்லாம் கொடுத்த மனிதரின் சொந்தக் காரியத்துக்குப் போய்ப் பழைய பாத்திரமா என்று எனக்கு மனசு கேட்கவில்லை. பளபளப்பதையெல்லாம் ஏற்றி அனுப்பினேன். மாப்பிள்ளை அண்டாவையும் அனுப்பினேன். அவருக்கு என் பங்காக ஒன்று இருக்கட்டும் என்று அதை நானும் ஒரு கை பிடித்துத் தூக்கி வைத்தேன். உருளவில்லை. ரொம்பப் பெருமையாக இருந்தது.

மறுநாள் ஆற்றங்கரையில் காரியம் முடிந்து, வீடு கழுவி, சாப்பாடு போட்டோம். ஊரே வந்தது. நானே பாயச வாளியைப் பிடித்துப் பரிமாறினேன். பந்தி ஓய்ந்த பிறகு என் மனைவி கடைக்குப் போய்த் தினசரி காலண்டர் முன்னால் நின்றாள். மாமா போன தேதியிலேயே அது நின்றிருந்தது. நானும் வாளியோடு பின்னால் போய் நின்றேன். ஒவ்வொரு தாளாகக் கிழித்தாள். பதினாறு தாள். மாமாவுக்கு நோட்டுப் புத்தகமெல்லாம் கிடையாது, யார் எந்தத் தேதிக்குச் சொன்னாலும் அந்தத் தேதித் தாளிலேயே எழுதிவிடுவார். நாளைய தாள் வந்ததும் நின்றாள்.

"தெக்குத் தெரு பொண்ணு கல்யாணம். புள்ளி செட் முழுசும். காலைல போயிடணும்னு எழுதியிருக்காங்க அப்பா" என்றாள். "நாளன்னைக்கு முகூர்த்தம். அந்தக்கா இப்பதான வந்து சாப்டுட்டுப் போனாங்க, ஒரு வார்த்தை கேக்கலியே."

அந்தப் பெண்ணின் அம்மாவை எனக்கும் தெரியும். வாய்க்காலுக்கு அந்தப் பக்கத் தெரு. அவரைப் பெற்றவர்கள் கூலிக்கு நாற்று நட்டவர்கள். அவரும் கணவரும் இப்போது குத்தகைக்கு எடுத்து விவசாயம் செய்கிறார்கள். மகள் பொறியியல் படித்துச் சென்னையில் வேலை பார்க்கிறாள். பந்தியில் பாயசம் இரண்டாம் முறை வேண்டாம் என்று இலையை மறைத்தவர் அவர்தான்.

"நல்லவேளை" என்றாள் மனைவி. "கருமாதிக்கு எடுத்தது அந்தப் பக்கத்துச் சாமான். கல்யாண செட்டு அப்படியே இருக்கும். அப்பா சொன்ன சொல்லு தப்பாது."

"எது கல்யாண செட்டு?" என்றேன்.

"என்னங்க இது, தெரியாத மாதிரி. செவப்புப் புள்ளி வெச்சது."

கையில் இருந்த வாளியைப் பார்த்தேன். என் கட்டை விரலுக்குப் பக்கத்தில் குங்குமம் வைத்ததுபோல் ஒரு புள்ளி.

வாளியைப் பின்னால் மறைத்துக்கொண்டு, "வயிறு சரியில்லை" என்று சொல்லிவிட்டு நழுவினேன்.

வேறு கடையில் எடுத்துக் கொடுத்துவிடலாம் என்று ஐந்து இடத்துக்குப் போன் செய்தேன். பெரிய முகூர்த்தம். மயிலாடுதுறை வரைக்கும் ஒரு கரண்டி மிச்சமில்லை. அப்போதுதான் அந்த யோசனை வந்தது. எனக்கு வரும் யோசனைகளிலேயே இதுதான் மோசமானது, அதனால் உடனே செயல்பட்டேன். புள்ளி இல்லாத வரிசை தொடாமல் அப்படியே இருக்கிறது. அதற்குப் புள்ளி வைத்துவிட்டால்?

மனைவியின் கைப்பையிலிருந்து நகப்பூச்சை எடுத்துக்கொண்டு குடோனுக்குள் போனேன். நான்கு வாளிக்கும் ஒரு குண்டானுக்கும் வைத்திருப்பேன். வாசலில் நிழல்.

"என்ன பண்றீங்க?"

"புள்ளி."

"புள்ளின்னா?"

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். பளபளப்பைப் பார்த்து ஏமாந்தது, மாப்பிள்ளை அண்டாவில் சோறு பொங்கியது, ஐந்து கடைக்குப் போன் செய்தது. அவள் கவிழ்த்து வைத்திருந்த ஒரு தவலையின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"எங்கப்பா முப்பது வருஷமா காப்பாத்துனத ஒரு நெய்ல்பாலிஷ் பாட்டில்ல முடிச்சிருப்பீங்களே" என்றாள். அப்புறம் குண்டானைப் பார்த்தாள். "புள்ளியாவது ஒழுங்கா வெச்சிருக்கீங்களா? வழிஞ்சு கெடக்கு." சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் அப்படியே அழ ஆரம்பித்துவிட்டாள். பதினாறு நாளாக வந்தவர்களைக் கவனித்துக்கொண்டிருந்ததில் அவளுக்கு அழ நேரமே கிடைத்திருக்கவில்லை. நான் பக்கத்தில் நகப்பூச்சோடு நின்றேன்.

அத்தையிடம் போனோம். அத்தை எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்கள்.

"மாப்ள அண்டாவுமா?"

"சோறே அதுலதான் அத்தை."

"அது நசுங்குன அன்னைக்கே புள்ளியச் சொரண்டி அந்தப் பக்கம் போட்டிருக்கணும். அவரு போடல. மாப்ள பேரு பட்ட அண்டா, கருமாதி வீட்டுக்குப் போவக் கூடாதுன்னாரு."

பதினெட்டு வருடக் கேலிக்குள் அவர் இதை வைத்திருந்தார். நான் அதை முதல்முறையாக எந்தக் கருமாதிக்கு அனுப்பியிருக்கிறேன் பாருங்கள்.

"போயிச் சொல்லிட்டு வாங்க" என்றார்கள் அத்தை. "அவங்க வேணாம்னா வேணாம். மறைச்சு மட்டும் குடுக்கக் கூடாது."

ஸ்கூட்டரில் போனோம். வாய்க்கால் பாலம் தாண்டினால் ரோட்டில் பாதிக்கு நெல் காய்கிறது. வீட்டு வாசலில் பந்தல் போட்டாகிவிட்டது. மாப்பிள்ளை வீடு பேராவூரணிப் பக்கம், அங்கிருந்து வந்த தேங்காய் ஒரு மூலையில் மலையாகக் கிடந்தது. இவ்வளவு ஏற்பாட்டுக்கும் நடுவில் அடுப்பு மட்டும் காலியாக, எங்கள் அண்டாவுக்காகக் காத்துக்கொண்டிருந்தது.

"வாங்க பாப்பா, வாங்க மாப்ள" என்று பெண்ணின் அம்மா ஓடி வந்தார். "நானே கேக்கணும்னு நெனச்சேன். காரிய வீட்ல கல்யாணப் பேச்சு எடுக்க வாய் வரல."

நான் ஆரம்பித்தேன். ஒரு நூலகத்தில் புத்தகங்கள் எப்படி அடுக்கப்படுகின்றன என்பதிலிருந்து ஆரம்பித்தேன். இரண்டு நிமிடத்தில் அவர் முகம் வாடிவிட்டது.

"இல்லன்னு சொல்ல வந்தீங்களா?"

"இல்லைங்க, இருக்கு" என்றேன். "ஆனா கருமாதிக்குப் பொங்கிட்டேன். புள்ளி வெச்சதுன்னு தெரியாம நான்தான் எடுத்துக் குடுத்தேன். இவங்க மேல தப்பு இல்ல."

ஏணியில் நின்று பந்தலில் தோரணம் கட்டிக்கொண்டிருந்த அவர் கணவர் இறங்கி வந்தார். "ஏம்மா, பொண்ணு கல்யாணம். மாப்ள வூட்ல தெரிஞ்சா என்னா நெனப்பாங்க?"

அந்த அம்மா என்னைப் பார்த்து, "அந்த நசுங்குன அண்டாவுலயா பொங்குனீங்க?" என்றார்.

"ஆமாங்க."

"யாரோட காரியத்துக்கு?"

"என்னங்க, மாமாவோட..."

"அதான கேக்குறேன்." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எங் கல்யாணத்தப்ப நடந்தது உங்களுக்குத் தெரியாது. எங்க தெருவுக்குக் கல்யாணம்னாலும் எந்தக் கடையிலயும் கருமாதிச் சாமான்தான் குடுப்பாங்க. எங்கப்பா போயி நின்னு, பழசு ஏதாவது குடுங்கன்னு கேட்டாரு. கல்யாணத்துக்கு எதுக்குப் பழசுன்னு சொல்லிட்டு, புள்ளி வெச்சத ஏத்தி அனுப்புனாரு உங்க மாமா. அப்பத்தான் கடை தொறந்த புதுசு. திரும்பிப் போன பாத்திரத்தத் தொட மாட்டோம்னு பெரிய தெருவுல எத்தினி பேரு மொறச்சுக்கிட்டாங்க தெரியுமா? ஒரு மாசம் அந்தக் கடைக்கு யாரும் போவல."

கணவர் பக்கம் திரும்பினார். "எங்க தெருவுக்கு வந்ததால தீட்டுன்னு ஊரு சொன்ன பாத்திரம் அது. அவரு பாக்கல. அவருக்குப் பொங்குனதுக்கு நாம தீட்டு பாக்குறதா? மாப்ள வூட்டுக்கு நானே சொல்லிக்கிறேன். கேட்டா இதத்தான் சொல்வேன்."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "நான் வேணாம்னா சொன்னேன்? கேக்கத்தான செஞ்சேன்" என்று மறுபடி ஏணியில் ஏறிவிட்டார்.

நாங்கள் நன்றி சொல்லிக் கிளம்பும்போது அந்த அம்மா கூப்பிட்டார். "ஆனா ஒண்ணு. அவரு அனுப்புற பாத்திரத்துல மொகம் தெரியும். நல்லா தேய்ச்சு அனுப்பணும். ஆளு வெச்சுத் தேய்க்கக் கூடாது. தப்பு பண்ணது மாப்ளதான? மாப்ளையே தேய்க்கட்டும்."

"அக்கா, அவரு தேய்ச்சா நாளன்னைக்குக் கல்யாணம் நடக்காது" என்றாள் என் மனைவி.

"நீ பக்கத்துல நாற்காலி போட்டு உக்காரு."

அப்படியே நடந்தது. புளி, சாம்பல், புது வைக்கோல். கடை அண்ணன் தண்ணீர் மட்டும் ஊற்றினார், மிகுந்த மகிழ்ச்சியோடு ஊற்றினார். வெயில் சாயும்வரை தேய்த்தேன். இடையில் அத்தை வந்து, "அந்த ஒரு மாசம் யாரும் வராதப்பதான் அவரு மத்தியானச் சோத்தச் சுடச்சுட சாப்ட்டாரு" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மாப்பிள்ளை அண்டாவைக் கடைசியில் எடுத்தேன். சுற்றிலும் முகம் சரியாகத் தெரிந்தது. பள்ளத்தில் மட்டும் தலைகீழாகத் தெரிந்தது. அந்த இடத்தை இன்னும் கொஞ்சம் அதிகமாகத் தேய்த்தேன்.

மறுநாள் காலை குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். அண்டாவை நான் ஒரு பக்கமும் பெண்ணின் அப்பா ஒரு பக்கமுமாக இறக்கினோம். "கெட்டியா புடிங்க மாப்ள, இங்கயும் சரிவுதான்" என்றார். அந்த அம்மா குனிந்து அண்டாவில் முகம் பார்த்தார். பொட்டைச் சரிசெய்துகொண்டார். அதுதான் ரசீது.

முகூர்த்தத்தன்று மாமா செய்வதைப்போல ஒரு சுற்று பார்க்கப் போனேன். வாளி போதும். கரண்டி போதும். தாலி கட்டியாகிவிட்டது. மாப்பிள்ளை அண்டாவில் சோறு மலை போல. சாம்பார் வாசனை என் சட்டையைப் பிடித்து இழுத்தது. "உக்காருங்க மாப்ள, மொத பந்தி" என்று கையைப் பிடித்தார்கள். வாழ்க்கையில் முதல்முறையாக நான் கையை விடுவித்துக்கொண்டேன்.

"வீட்ல அத்தை இலையப் போட்டுக்கிட்டு உக்காந்திருப்பாங்க" என்றேன். சொல்லும்போது எனக்கே என்னைப் பிடித்திருந்தது.

வெயிலில் ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தேன். இலை எடுத்தாகியிருந்தது. சமையற்கட்டில் பாத்திரம் கழுவிக் கவிழ்த்திருந்தது. அத்தை வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார்கள்.

"ஏன் மாப்ள, நீங்க இருந்து சாப்டுட்டுத்தான வருவீங்க? அதான் நாங்க சாப்ட்டுட்டோம்."

பதினெட்டு வருடம் நான் கட்டிக் காத்த பெயர் அது. ஒரே நாளில் மாறிவிடுமா?

அத்தை எழுந்தார்கள். ரசம் கொஞ்சம் இருந்தது, சூடு பண்ணினார்கள். வேண்டாம் என்று சொல்லச் சொல்ல ஒரு அப்பளமும் பொரித்தார்கள். இலை போட்டு, இந்தப் பதினெட்டு நாளில் முதல்முறையாக ஒருவருக்கு முழுசாகப் பரிமாறிவிட்டு எதிரில் உட்கார்ந்தார்கள்.

அப்போது நாலு மணிகூட ஆகவில்லை, என் மனைவியின் போன் அடித்தது. நாங்கள் மூன்று பேரும் ஒரு கணம் அதையே பார்த்தோம். எடுத்துப் பேசினாள். கேட்டுக்கொண்டே நடந்து கடைக்குள் போய், காலண்டரில் சித்திரை மாதத்துத் தாளைப் புரட்டி, அப்பாவின் பேனாவால் எழுதினாள். அங்கிருந்தே குரல் வந்தது.

"வளைகாப்பாம். மாப்ள அண்டா கெடைக்குமான்னு கேக்குறாங்க. என்ன சொல்லட்டும்?"

"தாராளமா போதும்னு சொல்லு" என்றேன், வாய் நிறைய ரசம் சாதத்தோடு.